ஹால் பிளக்கில் பிடிக்கும்

சலாவுதீனுக்குக் கை சுத்தம், வாய் நீளம். பிரிக்பீல்ட்ஸில் அவனைத் தெரிந்தவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். ரேடியோவில் தொடங்கி, டிவிக்கு வந்து, காலம் மாறியபோது தானும் மாறிக் கம்ப்யூட்டருக்கு வந்தவன். அவன் பற்றவைத்த ஈயம் விட்டுப்போச்சு என்று ஒருவரும் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. சாமானைக் கொண்டுவந்தவர் குறையைப் பாதி சொல்வதற்குள் மீதியை இவனே சொல்லி முடித்துவிடுவான். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைத்ததால், அடுத்தவர் பேச்சை முழுசாகக் கேட்கிற வழக்கமே அவனுக்கு இல்லாமல் போயிற்று. கிள்ளானிலிருந்து வந்த நேசம்மா சொன்ன ஒரே ஒரு சொல்லை அவன் நின்று கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

அது தொண்ணூற்றேழாம் வருஷத்துப் புகைமூட்டக் காலம். எங்கேயோ கடல் தாண்டிக் காடு எரிந்தது, இங்கே எல்லார் தொண்டையும் கரகரத்தது. பள்ளிக்கூடங்களைக் கூட மூடச் சொல்லிப் பேச்சு நடந்தது. பட்டப்பகலில் சூரியன் குங்குமப் பொட்டு மாதிரி மங்கிச் சிவந்து கிடந்தது. கடையின் கண்ணாடிப் பெட்டியைக் காலையில் துடைத்து வைத்தால் மத்தியானத்துக்குள் அதன்மேல் விரலால் பெயர் எழுதலாம். வாசலில் போகிறவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு போனார்கள். சலாவுதீன் மட்டும் கட்டவில்லை, கட்டினால் பேச முடியாதே.

நேசம்மா ஒரு பாசார் பையில், பழைய துவாலையால் சுற்றி, அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து அம்மா. மேரு ரோட்டுப் பக்கம் வீடு. கணவர் சிவகுருநாதனும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். மகன் டொரோண்டோவில். போன தடவை வந்தபோது தன் பழைய லேப்டாப்பை அம்மாவிடம் விட்டுவிட்டு, டெலிபோன் வயரைச் செருகிக் கடிதம் அனுப்பவும் வாங்கவும் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். டைப்பிஸ்ட் விரல்கள் அல்லவா, பேரப்பிள்ளைக்குத் தினமும் ஒரு கடிதம் பறந்தது. லேப்டாப் செங்கல் கனம். ஆனால் அதுதான் அந்த அம்மாவுக்குப் பிள்ளை முகம்.

"தம்பி, இது நிண்டு நிண்டு போகுது. வயரை ஒரு பக்கமாச் சரிச்சு வச்சிருந்தால் ஓடும். கையை எடுத்தால் செத்துப்போகும்."

"பவர் ஜேக் லூஸ் ஆன்ட்டி. வயர் போய் சொருகுதில்ல, அந்த ஓட்ட. இழுத்து இழுத்து உள்ள ஈயம் விட்டிருக்கும். பேட்டரியும் போச்சா?"

"அது எப்பவோ போயிட்டுது. இன்னொண்டு தம்பி. ஹோல் பிளக்கில போட்டால் பிடிக்குது. அறையில போட்டால் பிடிக்கிறதில்லை."

"லூஸ் வயர் அப்படித்தான் லா. ஒரு எடத்துல பிடிக்கும், ஒரு எடத்துல பிடிக்காது."

"இது மட்டுமில்லை, அயன் பெட்டியும் அந்த ஹோல் பிளக்கில போட்டால் பிடிக்கும். டெலிபோனுக்குக் கிட்ட ஒரு பிளக் வேணுமெண்டு இவர்தான் வயர் இழுத்துத் தானே பூட்டினவர். ஆளைக் கூப்பிடுங்கோ எண்டால் கேட்டால்தானே."

"அயன் பெட்டியும் பிடிக்குதா? அப்ப அங்கிள் நல்லாத்தான் வேல செஞ்சிருக்காரு. அறையில உள்ள பிளக்குதான் சரியில்ல. பேசாம ஹால்லயே போடுங்க ஆன்ட்டி, போன் வயரும் அங்கதான இருக்கு."

நேசம்மா நெற்றியைச் சுருக்கினார். "அதிலதான் பிடிக்குது எண்டு சொல்லுறன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இரண்டு பேரும் தமிழில்தான் பேசினார்கள். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது. நேசம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சலாவுதீன் ஸ்க்ரூவைக் கழற்றத் தொடங்கியிருந்தான். ஒருவன் தலையைக் குனிந்து வேலையைத் தொடங்கியபிறகு பேச்சை நீட்டுவது மரியாதையில்லை என்று வளர்ந்த தலைமுறை அது. அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

உள்ளே அவன் நினைத்தபடியேதான் இருந்தது. ஜேக்கின் கால்கள் போர்டை விட்டுப் பெயர்ந்திருந்தன. விட்டு விட்டுத் தொட்டதில் பொறி பறந்து, பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறிக் கிடந்தது. திரும்பப் பற்றவைத்தால் ஒரு மாசம் தாங்கும். சலாவுதீனுக்கு ஒரு மாச வேலை செய்து பழக்கமில்லை. அதே ரக ஜேக்கைத் தேடித் தெரிந்த கடையெல்லாம் அலைந்தான். பழைய மாடல், எங்கேயும் இல்லை. கடைசியில் தன் புத்தியையே நம்பினான்.

லேப்டாப்பின் பக்கவாட்டில் அளவாக ஒரு துளை போட்டு, முழுக்க உலோகத்தால் ஆன பெரிய ஜேக் ஒன்றை வைத்து, நட்டுப் போட்டு இறுக்கினான். ரேடியோ பெட்டிகளில் போடுகிற சாதி அது, ஆனை இழுத்தாலும் அசையாது. அதற்குச் சேரும்படி, அடாப்டர் வயரின் முனையிலிருந்த பிளாஸ்டிக் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, கட்டைவிரல் தடிமனில் பளபளவென்று ஓர் உலோகப் பிளக்கைப் பற்றவைத்தான். உள்ளே செருகி ஒரு திருகு திருகினால் கவ்விக்கொள்ளும். பிறகு மீட்டரை எடுத்து, நடுவில் பிளஸ், வெளிவட்டம் மைனஸ் என்று சரிபார்த்தான். அந்த வெளிவட்டம் அடாப்டர் வழியாகச் சுவர்ப் பிளக்கின் மூன்றாவது முள்ளோடு சேர்ந்திருந்தது. மூன்றாவது முள் என்றால் எர்த். மின்சாரம் வழி தவறினால் மண்ணுக்குள் இறங்கிப்போகிற பாதை அது. அதில் மின்சாரம் இருக்கவே கூடாது. அவன் கடைச் சுவர்ப் பிளக்கின் எர்த்தில் அப்படி இல்லை. டெஸ்டரை அந்தப் பிளக்கின் உடம்பில் வைத்துப் பார்த்தான், விளக்கு எரியவில்லை. திருப்தியாகச் சிரித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நேசம்மா திரும்ப வந்தார். இந்தச் சாம்பலுக்கு வீட்டைத் தினம் கழுவ வேண்டியிருக்கிறது, போனவுடன் பேரப்பிள்ளைக்குக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சலாவுதீன் கல்யாணப் பெண்ணைக் காட்டுகிறவன் போல லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"விரல் நுனியால தொட்டுக்கிட்டு இருக்காதீங்க ஆன்ட்டி. முழுக் கையால பிடிங்க. நல்லா அமுக்கி, ஒரு திருகு. அவ்ளோதான்."

நேசம்மா சுண்டுவிரலால் அந்த உலோகத்தைத் தொட்டார், உடனே கையை எடுத்தார், மறுபடி தொட்டார். முகம் மலர்ந்தது.

"இஞ்ச பிடிக்கேல்லையே."

"பிடிச்சிருக்கு ஆன்ட்டி. பாருங்க, பச்ச லைட்டு எரியுதே. இனிமே எப்பவும் பிடிக்கும்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "எப்பவுமோ?"

"எப்பவும். ஹால்ல போட்டாலும் பிடிக்கும், அறையில போட்டாலும் பிடிக்கும். ஒரு தடவ பிடிச்சுதுன்னா விடவே விடாது. நான் கேரண்டி."

"பகிடி விடாதையும் தம்பி."

"பகிடி இல்ல லா ஆன்ட்டி. சத்தியம்."

நேசம்மா அந்தப் பளபளப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு துவாலையால் சுற்றும்போது தனக்குத் தானே பேசுகிறவர் போலச் சொன்னார்: "எனக்குப் பிடிக்குது எண்டு சொன்னால் இவர் நம்பிறதில்லை. உனக்கு வயசு போட்டுது எண்டு சிரிப்பார்."

இந்த வயதில் ஓர் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் பிடித்திருக்கிறதே என்று சலாவுதீனும் சிரித்தான். "அங்கிள் கெடக்குறாரு விடுங்க. ஒங்களுக்குப் பிடிச்சிருந்தா போதும்."

நேசம்மா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் ரயிலுக்குப் போனார்.

அவர் போய் வெகுநேரம் இல்லை. தியாகராசா ஒரு மேசைக் காற்றாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். இவரும் யாழ்ப்பாணத்து ஆள்தான். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர், இரண்டு தெரு தள்ளி வீடு. காற்றாடியை மேசைமேல் வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, இதைத் தொட்டால் பிடிக்குது."

சலாவுதீன் நிமிரவில்லை. "பிடிச்சா நல்லதுதான அங்கிள், பிடிக்காட்டிதான் பிரச்சன."

"என்ன நல்லது? நேற்று மனுசியைப் பிடிச்சு அந்தப் பக்கம் தூக்கி எறிஞ்சிட்டுது. இன்னும் கை நடுங்குது எண்டு படுத்திருக்கிறா."

ஸ்க்ரூ டிரைவர் பாதியில் நின்றது.

"பிடிச்சுதுன்னா என்ன அங்கிள்?"

"கரண்ட் தம்பி. வேறை என்ன பிடிக்கும்? நீங்கள் அடிக்குது எண்டு சொல்லுவியள். எங்கட வீடுகளில பிடிக்குது எண்டுதான் கதைக்கிறது."

பஸ்ஸைப் பிடிக்கிறோம், மீனைப் பிடிக்கிறோம். தலைவலி பிடிக்கிறது, பேய் பிடிக்கிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கிறது. வயர் பிடிக்கிறது. இத்தனைக்கும் நடுவில் இப்படி ஒரு பிடி இருப்பதை நாற்பது வயசு வரைக்கும் தமிழ் பேசிய சலாவுதீன் அன்றைக்குத்தான் கேட்டான். நேசம்மா சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவன் காதில் திரும்பி வந்தது, வேறு முகத்தோடு வந்தது. ஹோல் பிளக்கில போட்டால் பிடிக்குது. அயன் பெட்டியும் பிடிக்குது. அறையில் பிடிக்கிறதில்லை. இஞ்ச பிடிக்கேல்லையே. கெட்டது லேப்டாப் மட்டும் இல்லை, ஹால் பிளக்கும்தான். அந்தச் சுவரில் எர்த் ஓட்டைக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது. அதில் எதைச் செருகினாலும் அதன் உலோகமெல்லாம் உயிர்க்கம்பி.

இதுவரைக்கும் அந்த அம்மாவைக் காப்பாற்றிவந்தது ஒரு துண்டுப் பிளாஸ்டிக். அது கழன்று ஆடும்போது ஓரத்தில் தெரிந்த உலோகத்தில் விரல் பட்டுச் சுருக்கென்று கடித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிளாஸ்டிக்கை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டவன் இவன். அந்த இடத்தில் கை நிறையப் பிடிக்கும்படி இரும்பு வைத்துக் கொடுத்தவன் இவன். முழுக் கையால் பிடியுங்கள் என்று பாடம் வேறு நடத்தினான். ஹாலிலேயே போடுங்கள் என்று இடத்தையும் காட்டிக் கொடுத்தான்.

"என்ன தம்பி, முகம் வெளுத்துப் போச்சு?"

சலாவுதீன் திக்கித் திணறிச் சொன்னான். தியாகராசாவுக்குப் பாதியிலேயே விளங்கிவிட்டது. "கிள்ளான் சிவகுருநாதன்ர மனுசியோ? எங்கட சங்கத்து ஆக்கள்தான். அந்தாள் நல்ல மனுசன், ஆனால் ஒருத்தர் சொல்லையும் கேளாது. நம்பர் என்னட்ட இருக்கு. போனை இஞ்சால தாரும்."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

"வீட்டில ஆளில்லை," என்றார் தியாகராசா. "அவ இன்னும் ரயிலில இருப்பா. அவரும் வெளியில போயிருப்பார் போல. ஆளில்லாட்டில் நல்லதுதானே."

"வந்தவொடன பேரப்பிள்ளைக்குக் கடுதாசி அனுப்பணும்னு சொன்னாங்க அங்கிள். ரெண்டு வாரமா அனுப்பல."

"அப்ப நிக்காதையும். நீர் வெளிக்கிடும். நான் இதில இருந்து அடிச்சுக்கொண்டே இருக்கிறன். எடுத்தால் தொடவேண்டாம் எண்டு சொல்லுறன்."

கடையை அவரிடம் விட்டுவிட்டு, சட்டைப் பையில் டெஸ்டரோடு, சலாவுதீன் தன் பழைய வேனில் ஏறினான். பெடரல் ஹைவேயில் நாலு மணிக்கே எல்லாரும் விளக்குப் போட்டிருந்தார்கள். முன்னால் போகிற லோரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது, லோரி தெரியவில்லை. எங்கேயோ முன்னால் கார் ஒன்று இன்னொன்றின் முதுகில் ஏறியிருக்கிறது என்று ஹார்ன் சத்தத்திலிருந்து ஊகித்துக்கொண்டான். வேன் நகர்ந்தது, நின்றது. நின்ற நேரமெல்லாம் அவனுக்குச் சுங்கை பூலோ பாசார் மாலாம், அந்த இரவுச் சந்தை, ஞாபகம் வந்தது.

பல வருஷத்துக்கு முன்னால் நடந்தது. மழை விட்ட சாயங்காலம். பழக்கடைக்காரர் ஒருவர் தன் கூடாரத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பல்லைக் காட்டிக்கொண்டு, தோளை உயர்த்திக்கொண்டு நின்றார். என்னடா இவர் கூத்துக் காட்டுகிறார் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். சலாவுதீனும் சிரித்தான். மின்சாரம் உள்ளங்கைக்குள் புகுந்தால் கை தானாக மூடிக்கொள்ளும், மூடிய கை திறக்காது, கத்தவும் வாய் வராது என்று அவனுக்கு அன்றைக்குத் தெரியாது. யாரோ வயரை அறுத்தபிறகுதான் அந்த மனிதர் விழுந்தார். புலி வாலைப் பிடித்தவன் கதை என்று சொல்கிறோமே, அதை அவன் கண்ணால் பார்த்தது அங்கேதான். அதற்குப் பிறகு கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் எர்த் முக்கியம், எர்த் முக்கியம் என்று ஓதுவது அவனுக்குத் தொழுகை மாதிரி ஆகிவிட்டது. அந்த எர்த்தே இன்றைக்கு இப்படி எமனாக வந்து நிற்கும் என்று எவன் கண்டான்.

"யா அல்லாஹ், அந்தம்மா அத தொடக்கூடாது," என்று வாய்விட்டுச் சொன்னான். சொல்லிக்கொண்டே இருந்தான். ரப்பர் செருப்புப் போட்டிருப்பார்கள், தப்பிக்கலாம். வெள்ளிக்கிழமை, விளக்கேற்றுகிற நாள், வெறுங்காலோடு இருப்பார்கள். இந்தச் சாம்பலுக்கு வீட்டைத் தினம் கழுவுகிறேன் என்று சொன்னாரே. சிமெண்டுத் தரை, ஈரம். பக்கத்துப் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் சுலபமாக நுழைந்து போவதைப் பார்த்து, வேனை அங்கேயே விட்டுவிட்டு ஒன்றின் பின்னால் ஏறிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தான்.

ஷா ஆலம் தாண்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் பொது டெலிபோன் கண்ணில் பட்டது. இறங்கி ஓடிக் கடைக்கு அடித்தான். தியாகராசா உடனே எடுத்தார்.

"எடுத்தாங்களா அங்கிள்?"

"முந்தி மணி அடிச்சுக்கொண்டே இருந்தது. ஒருத்தரும் எடுக்கேல்லை. இப்ப கொஞ்ச நேரமா எங்கேஜ்."

"எங்கேஜா?"

"ஓம். எப்ப அடிச்சாலும் எங்கேஜ். ஆரோ வீட்டில கதைச்சுக்கொண்டிருக்கினம். அப்ப ஆள் சுகமாத்தான் இருக்கு தம்பி. நீர் ஆறுதலாப் போம்."

சலாவுதீன் ரிசீவரை வைத்துவிட்டு வேனுக்கு ஓடினான். ஆறுதல் எங்கிருந்து வரும். ஒற்றை டெலிபோன் வயர் உள்ள வீடு. லேப்டாப்பை அதில் செருகிக் கடிதம் அனுப்பினால், அது முடிகிறவரைக்கும் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ் என்றுதான் வரும். பேரப்பிள்ளைக்குக் கடிதம் போய்க்கொண்டிருக்கலாம். அப்படியானால் அந்த இரும்புப் பிளக்கை ஒருமுறை பிடித்துச் செருகியாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஒருவேளை எனக்குத்தான் பைத்தியமோ, அயன் பெட்டி பழசோ, அந்தம்மா சொன்னது வெறும் கசிவோ என்று மனசு நூறு சமாதானம் சொன்னது. கை மட்டும் ஸ்டீயரிங்கில் வழுக்கியது.

கிள்ளானுக்குள் நுழைந்து மேரு ரோட்டில் திரும்பியபோது புகை இன்னும் அடர்த்தியாக இருந்தது. தியாகராசா சொன்ன அடையாளம் ஒரு பெரிய மாமரம். அதைக் கண்டுபிடித்தபோது அதன் கீழே பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கேட் அகலத் திறந்து கிடந்தது.

சலாவுதீன் வேனைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு நடந்தான். வாசற்படியில் முதலில் அவன் கண்ணில் பட்டது ஒரு ஜோடி சப்பாத்து. பாலிஷ் போட்ட கறுப்புத் தோல் சப்பாத்து, ரப்பர் அடி. கயிறுகளை உள்ளே மடித்து வைத்து, அரசாங்க உத்தியோகக்காரர் ஒருவர் ஒழுங்காகக் கழற்றி வைத்தது. அதற்குப் பக்கத்தில் வாளியும் தரைத் துணியும். உள்ளே ஹால் முழுக்கக் கழுவின ஈரம் இன்னும் காயவில்லை. அந்தச் சப்பாத்தைப் பார்த்த கணத்திலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

வெளியே நின்றவர்களில் ஒருவர், தூணாய்ப் பருத்த ஆள், அவன் காதருகில் வந்து மெல்லச் சொன்னார். "மெயின் சுவிட்ச நாந்தான் அடச்சேன் பாஸ். அதுக்கப்புறந்தான் கைய எடுக்க முடிஞ்சிச்சு. ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்பவே உசுரு இல்ல. நீங்க அவங்களுக்குச் சொந்தமா?"

சலாவுதீன் தலையை ஆட்டினான். ஆம் என்றா, இல்லை என்றா, அவனுக்கே தெரியாது.

ஹாலில் டெலிபோன் ரிசீவர் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்சுக்குப் பேசிய யாரோ திரும்ப வைக்க மறந்திருந்தார்கள். பக்கத்திலிருந்த சின்ன மேசையில் லேப்டாப். மூடி திறந்திருந்தது, திரை கறுத்துக் கிடந்தது. அத்தனை களேபரத்திலும் அவன் வைத்த ஜேக் ஒரு மயிரிழை அசையவில்லை. நட்டு இறுகியபடியே இருந்தது. அதில் பாதி செருகிய நிலையில் அந்த உலோகப் பிளக், பளபளப்புக் குறையாமல். மேசைக்கு மேலே சுவரில் சிவகுருநாதன் தன் கையாலேயே பூட்டிய பிளக். மட்டம் பார்த்து, ஸ்க்ரூக்கள் ஒரே வரிசையில் நிற்கும்படி, வெகு நேர்த்தியாகப் பூட்டியிருந்தார்.

அதைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. பழைய வீடு, சுவருக்குள் இரண்டு கம்பிதான் ஓடும். மூன்றாவது ஓட்டையைச் சும்மா விடுவானேன் என்று, தொட்டாலும் ஒன்றும் செய்யாத கறுப்புக் கம்பியோடு ஒரு துண்டு வயரால் சேர்த்து முடிந்திருப்பார். அந்தக் கறுப்பு, பல வருஷத் தூசியும் கரியும் ஏறிக் கறுத்துப்போன சிவப்பாக, மின்சாரம் வருகிற கம்பியாக இருந்திருக்கும். சலாவுதீன் இதே தப்பைப் பழைய வீடுகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். பார்த்து, சிரித்து, சரிசெய்து கொடுத்திருக்கிறான். இங்கேயும் கேட்டிருந்தால் ஒரு சாயங்கால வேலை.

நேசம்மா சாமிப்படத் தட்டுக்குக் கீழே ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விளக்கு ஏற்றவில்லை. திரி எண்ணெயில் ஊறிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் இன்னும் ஈரம். அவர் அழவில்லை. யாரோ வாசலில் நிற்பது தெரிந்து தலையைத் தூக்கினார். அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"வந்திட்டீரோ தம்பி."

"ஆன்ட்டி, நான்... நீங்க சொன்னது எனக்கு வேற மாதிரி..." ஊரையே பேசி மடக்குகிற வாய், அன்றைக்கு ஒரு சொல்லுக்கு வழியில்லாமல் நின்றது.

"நான் தொடமாட்டன் எண்டு சொன்னனான்," என்றார் நேசம்மா. குரல் உயரவில்லை, டைப் அடித்துக் காட்டுகிற மாதிரி ஒரே சீராக வந்தது. "கடைக்காரத் தம்பி சத்தியம் பண்ணிச் சொன்னவர், இனி எப்பவும் பிடிக்குமாம், நீங்களும் தொடாதையுங்கோ எண்டு சொன்னனான். இவர் சிரிச்சார். ஆராவது பிடிக்கிற சாமானைத் திருத்தித் தந்து, கேரண்டியும் குடுப்பினமோ எண்டு கேட்டார். கொண்டா, நான் பூட்டித் தாறன், பிள்ளை பாத்துக்கொண்டிருப்பான் எண்டார். அவர் எப்பவும் சப்பாத்துக் காலோடதான் அதைத் தொடுறவர். அதால அவரை ஒருநாளும் பிடிச்சதில்லை. இண்டைக்கு நான்தான், ஹோல் கழுவி ஈரமாக் கிடக்கு, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ எண்டு சொன்னனான்."

பக்கத்து வீட்டுப் பெண் விம்மினாள். நேசம்மா அவள் பிடியிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்து, சேலைத் தலைப்பில் அந்த ஈரத்தைத் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு, சலாவுதீனை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான்.

"உம்மில பிழையில்லைத் தம்பி. நீர் சொன்னது சொன்னபடிதான் நடந்தது. முழுக் கையால பிடிச்சார்," என்றார். "அது விடவேயில்லை."